தோலுக்குக் காப்புக் கட்டிய கதை

முப்பிடாதி டீச்சரின் தோல் அவளை விட்டு எழுந்து உட்கார்ந்த அன்றைக்கு நல்லாண்டிபுரத்தில் குழாய்த் தண்ணீர் வரும் முறை, அதனால் ஊரில் யாருக்கும் நின்று ஆச்சரியப்பட நேரம் இருக்கவில்லை. விடிந்தும் விடியாததுமான வெளிச்சத்தில் உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரைக்கும் ஒரு கிழிசல் இல்லாமல் கழன்று, பாயில் உட்கார்ந்து சோம்பல் முறித்து, போர்வையை மடித்து வைத்து, கொடியில் கிடந்த பழைய நைட்டியை எடுத்து மாட்டிக்கொண்டு, பிளாஸ்டிக் குடத்தை இடுப்பில் இடுக்கியபடி அது தெருக்குழாய்க்கு நடந்தது. வரிசையில் நின்றவர்கள் பார்த்தார்கள். அதே மூக்கு, அதே நெற்றி, ஹாக்கி மைதானத்துச் சரளை கிழித்த அதே முழங்கால் தழும்பு. ஆனால் வெளிச்சம் அதற்குள் புகுந்து அந்தப் பக்கம் போனது, பின்னால் நின்றவளின் சேலை மங்கலாகத் தெரிந்தது.

"ஏட்டி முப்பி, ஒடம்புக்கு என்ன? இப்படி மெலிஞ்சுட்ட?" என்று எதிர்வீட்டுச் சீதாலட்சுமி கேட்டாள்.

"நான் தோலு மட்டுந்தான் மதினி. அவ உள்ள படுத்திருக்கா."

"அப்படியா? சரி, கொடத்த முன்னால தள்ளு, தண்ணி நிக்கப்போவுது" என்றாள் சீதாலட்சுமி.

முப்பிடாதி அந்த ஊர்ப் பெண்கள் மேல்நிலைப் பள்ளியின் பி.டி. டீச்சர். கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் பூமியில் வெயில் எப்படி அடிக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அந்த வெயிலில் வாயில் விசிலும் கையில் மட்டையுமாக நின்று பிள்ளைகளுக்கு ஹாக்கி சொல்லிக்கொடுத்தவள் அவள். கறுப்பை அவளுக்கு முதலில் கொடுத்தவர் லாரி ஓட்டிச் செத்துப்போன அப்பா செல்லையா, மேற்கொண்டு கொடுத்தது சூரியன். இரண்டு பேரோடும் சேர்த்துச் சண்டை போட்டுக்கொண்டிருந்தவள் அம்மா பொன்னுத்தாய். கடலைமாவு, தயிர், தக்காளி, குங்குமப்பூ என்று மகள் பிறந்ததிலிருந்து என்னவெல்லாமோ தேய்த்துப் பார்த்துவிட்டு, கடைசியில் மைதானத்து ஓரத்தில் குடையோடு வந்து நின்று, "வெயில்ல நிக்காதட்டி, வெயில்ல நிக்காத" என்று கத்துவதையே ஒரு வேலையாக வைத்துக்கொண்டாள்.

பெண் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் கேசரி தின்றார்கள், பஜ்ஜி தின்றார்கள், காப்பி குடித்தார்கள், "பொண்ணு தங்கமான பொண்ணு, ஆனா..." என்று சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடினார்கள். அந்த வாக்கியத்தை ஒருவரும் முடித்துக் கொடுத்ததில்லை. மதுரையிலிருந்து வந்த தங்கபுஷ்பம்தான் முடித்தாள். அவள் மகன் பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருந்தான், பெயர் அஸ்வத். "ஆனா கொஞ்சம் கலர் எடுத்துட்டா எங்களுக்குச் சம்மதம்" என்றாள் தங்கபுஷ்பம், எந்த கிளினிக் என்பதையும் அவளே சொன்னாள்.

"நான் என்ன காரை பேந்த சொவரா, வெள்ளையடிச்சு வாடகைக்கு விட?" என்று அவர்கள் போன பிறகு முப்பிடாதி குதித்தாள். பொன்னுத்தாய் சோற்றுத் தட்டைத் தொடாமல் மூடி வைத்தாள். மறுநாளும் மூடி வைத்தாள். நடுவரோடு மைதானத்தின் நடுவில் நின்று மல்லுக்கட்டுகிற முப்பிடாதிக்கு மூடி வைத்த ஒரு தட்டோடு மல்லுக்கட்டத் தெரியவில்லை, சரி என்று சொல்லிவிட்டாள்.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மாடியில் இருந்தது பால்நிலா ஸ்கின் கிளினிக். கெமிக்கல் பீல் என்றால் முகத்துக்கு மட்டும்தான் வழக்கம், ஆனால் கல்யாணப் பெண்களுக்கென்று உச்சி முதல் உள்ளங்கால் வரை ஒரு பேக்கேஜ் இருந்தது. கரும்பிலிருந்து எடுக்கிற ஆசிட்தான், பயப்படாதீங்க என்று சொல்லி, பஞ்சிலும் பிரஷிலும் தொட்டுத் தொட்டு உடம்பெல்லாம் தடவினார்கள். எறும்புக்கூட்டம் கடிக்கிற மாதிரி எரிந்தது. ஒரு பெண் கைக்கடக்கமான மின்விசிறியை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, "எரியுதா மேடம்? எரியட்டும், வேலை செய்யுதுன்னு அர்த்தம்" என்றாள். கழுவித் துடைத்து அனுப்பும்போது டாக்டரம்மா சொன்னாள்: உரியும்போது பிய்க்கக் கூடாது, தானாகக் கழன்று வர வேண்டும், வெயில் படக் கூடாது, மஞ்சள், சந்தனம், கையில் கயிறு, எதுவுமே கல்யாணம் வரைக்கும் பட்டுவிடக் கூடாது. முப்பிடாதி ஒழுங்காகக் கேட்டு நடந்தாள், பிய்க்கவே இல்லை. அது தானாகக் கழன்று வந்து தண்ணீர் பிடிக்கப் போய்விட்டது, அவ்வளவுதான் நடந்தது.

நல்லாண்டிபுரம் ஒரு வாரம் யோசித்தது, பிறகு பழகிக்கொண்டது. ரேஷன் கடை மிஷினில் முப்பிடாதியின் விரல் விழவே இல்லை, தோலின் விரல் பட்டவுடன் டிங் என்றது, ஆகவே பச்சரிசியும் பருப்பும் தோலுக்கே வழங்கப்பட்டன. தெருநாய் தோலைக் கண்டால் வாலாட்டியது, முப்பிடாதியைக் கண்டால் குரைத்தது. டவுன் பஸ் கண்டக்டர், "இது ஆளா, லக்கேஜா?" என்று கேட்டார், "ஆளு, ஒரு டிக்கெட் குடுங்கண்ணே" என்று தோல் சொன்னதும் கிழித்துக் கொடுத்தார். பள்ளிக்கூடத்தில் வருகை மிஷின் ஏற்றுக்கொண்டதை நாங்கள் எப்படி மறுப்பது என்று ஹெட்மிஸ்ட்ரஸ் கையை விரித்துவிட்டதால், முப்பிடாதி திரைச்சீலை போட்ட அறைக்குள் கிரீம் பூசிக்கொண்டிருக்க, தோல் மைதானத்தில் நின்று விசில் அடித்தது. ஆடிக் காற்று வீசிய நாட்களில் அது கோல்போஸ்டைப் பிடித்துக்கொண்டது, போஸ்ட் தூரமாக இருந்தால் பிள்ளைகள் ஓடி வந்து ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொண்டார்கள். விளையாட்டு நிற்கவில்லை. கிளினிக்காரர்கள், 'முழுசாக உரியும்' என்று வாசலில் புதுப் பலகை மாட்டினார்கள், சுற்றுப்பட்டிக் கல்யாணப் பெண்கள் எல்லாம் வந்து வரிசையில் உட்கார்ந்தார்கள், அவர்களுக்கெல்லாம் வழக்கம்போலத் துணுக்குத் துணுக்காகத்தான் உரிந்தது, ஏமாற்றிவிட்டார்கள் என்று சண்டைக்கு நின்றார்கள்.

முப்பிடாதிக்கு முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். கண்ணாடியில் உரித்த வெங்காயம் மாதிரி ஒருத்தி நின்றாள். பார்க்க வந்த பெண்டுகள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு, "யம்மா, என்ன கலரு, என்ன கலரு" என்றார்கள். வாழ்நாள் முழுக்கக் கேட்காத சொல்லை வாரக்கணக்கில் கேட்டாள், கேட்கக் கேட்க இன்னும் கொஞ்சம் வேண்டும் போல இருந்தது. பிறகு ஒருநாள் காப்பித் தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தபோது பொன்னுத்தாய் அலறிக்கொண்டு ஓடி வந்து பிடுங்கினாள். உள்ளங்கை கொப்பளித்திருந்தது. அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. அம்மா ஊதி ஊதி எண்ணெய் தடவினாள், அதுவும் தெரியவில்லை. மூலையில் சாத்தியிருந்த மட்டையை எடுத்துப் பிடித்துப் பார்த்தாள், பிடித்திருக்கிறோமா என்று கண்ணால் பார்த்துத்தான் உறுதி செய்ய வேண்டியிருந்தது. அன்றைக்கு அழுதாள். கண்ணீர் கன்னத்தில் இறங்குவதுகூடத் தெரியாமல் அழுவது என்ன அழுகை என்று நினைத்து இன்னும் அழுதாள்.

அதன் பிறகு சாயங்காலமானால் வாசல் பக்கமே காதாக இருப்பாள். தோல் புழுதியும் வியர்வையுமாக உள்ளே வரும்.

"இன்னைக்கு வெயில் எப்படி?" என்பாள் முப்பிடாதி.

"முதுகுல சூடு வச்ச மாதிரி. நம்ம டீம்ல செம்பருத்தி ரெண்டு கோல் போட்டா. கட்டிப்புடிச்சா பாரு, வெலா எலும்பே வலிக்கி."

"உனக்கு எலும்பு ஏது?"

"உன்னோடதுதான். இங்க வச்சிருக்க, அங்க வலிக்கி" என்றது தோல்.

வெயிலில் நின்று நின்று அது கெட்டிப்பட்டது. ஆவணி பிறந்தபோது அதற்குள் வெளிச்சம் புகவில்லை. முன்னைவிடக் கறுத்து, எண்ணெய் தேய்த்த கம்பு மாதிரி பளபளத்தது. ஒரு வெள்ளிக்கிழமை பொன்னுத்தாய் பழக்கதோஷத்தில் அதை உட்கார வைத்துத் தலைக்கு எண்ணெய் வைத்து, முதுகைத் தேய்த்துவிடும்போது கை நின்றுவிட்டது. "அப்படியே ஒங்க அப்பாட்டி" என்றாள். பிறகு முந்தானையால் மூக்கைச் சிந்திக்கொண்டு வேகமாகத் தேய்த்தாள். அறை வாசலில் நின்று முப்பிடாதி இதைப் பார்த்தாள், தன் தோல்மேலேயே அவளுக்குப் பொறாமை வந்தது.

கல்யாணத்துக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது தங்கபுஷ்பம் வந்தாள். செல்போன் டார்ச்சை அடித்து முப்பிடாதியின் முகத்தைப் பக்கம் பக்கமாகப் பார்த்து, "இப்பத்தான் எங்க வீட்டுக்கேத்த மருமக" என்றாள். பத்திரிகையில் 'முப்பிடாதி என்கிற தீபிகா' என்று போட்டிருந்தது. யார் தீபிகா என்று கேட்டதற்கு, அந்தப் பழைய பெயர் பெங்களூரில் யார் வாயிலும் நுழையாது என்றாள். அந்த நேரம் பார்த்துக் கழுத்தில் விசிலோடு தோல் உள்ளே வந்தது.

"இது இன்னும் இங்கதான் இருக்கா?" என்று தங்கபுஷ்பம் முகத்தைச் சுளித்தாள். "பாருங்க சம்பந்தி, நாளைக்கு நாலு பேரு, இதுதான் பழைய பொண்ணுன்னு கைய நீட்டிக் காட்டிறப்படாது. கல்யாணத்தன்னைக்கு ஓமம் வளப்போம்ல, தாலிக்கு முன்னால அதுல போட்டுருங்க. கழிஞ்சது கழிஞ்சதா இருக்கட்டும்."

பொன்னுத்தாய் தரையைப் பார்த்தாள். தாய்மாமன் குருசாமி மேலே ஓடுகிற மின்விசிறியைப் பார்த்தார்.

"எரிச்சா அதுக்கு வலிக்கும்" என்றாள் முப்பிடாதி.

"தோலுக்கு என்னம்மா வலி?"

"வலியே அதுகிட்டதான் இருக்கு அத்தை."

அஸ்வத்துக்குப் போன் போட்டாள். அவன் நல்ல பையன்தான், கோபப்படவே மாட்டான். "அம்மா சொல்றது ப்ராக்டிகல்தான் தீபி. அதை வச்சு நீ என்ன பண்ணப் போற?" என்றான். முப்பிடாதி போனை வைத்தாள். அவளை எரித்துவிட்டு அவளைக் கட்டிக்கொண்டு போகப் போகிறார்கள், தாலி கழுத்தில் ஏறுவதுகூடத் தெரியாமல் கழுத்தை நீட்டப் போகிறோம் என்று அவளுக்கு அப்போதுதான் முழுசாக உறைத்தது. ஆனால் மண்டபம் பேசியாகிவிட்டது, ஊருக்கெல்லாம் சொல்லியாகிவிட்டது, அம்மா இப்போதுதான் தட்டில் சோறு போட்டுச் சாப்பிடுகிறாள். எந்த வாயை வைத்து வேண்டாம் என்பாள்?

கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் மண்டபத்தில் நலுங்கு. அந்த ஊர் வழக்கத்தில் நலுங்கு முடிந்ததும் தாய்மாமன் பெண்ணின் கையில் மஞ்சள் துண்டு முடிந்த கயிற்றைக் காப்பாகக் கட்டுவார். கட்டிவிட்டால் காரியம் முடிகிற வரைக்கும் அதை அவிழ்க்கக் கூடாது, கட்டியவள் ஊர் எல்லையைத் தாண்டவும் கூடாது. அத்தைமார் மஞ்சள் கிண்ணத்தோடு வட்டமாக உட்கார்ந்துவிட்டார்கள். அப்போது தங்கபுஷ்பத்திடமிருந்து போன் வந்தது: முகத்தில் ஒரு பொட்டு மஞ்சள் படக் கூடாது, கையில் ஒரு நூல் ஏறக் கூடாது, டாக்டரம்மா சொன்னது ஞாபகம் இருக்கட்டும்.

"நலுங்கு வைக்காம ஒரு கல்யாணமா? ஊரு காறித் துப்பாது?" என்று சீதாலட்சுமி கிண்ணத்தைக் கீழே வைத்தாள். ஆளுக்கு ஆள் பேசினார்கள். கடைசியில் குருசாமிதான் வழி கண்டுபிடித்தார். "அவ ஒடம்புதான அது? அத மணையில ஒக்கார வைங்க. வைக்கிறத அதுக்கு வைங்க."

எல்லோருக்கும் அப்பாடா என்று இருந்தது. தோலை மணையில் உட்கார வைத்து, அறுகம்புல்லால் எண்ணெய் தொட்டு வைத்து, கன்னத்திலும் கையிலும் காலிலும் மஞ்சள் பூசி, ஆரத்தி எடுத்து, கேலி பேசி, குலவை போட்டார்கள். போட்ட குலவையின் ஜோரில் குருசாமி பையிலிருந்த காப்புக் கயிற்றை எடுத்து, எப்போதும் கட்டுகிற மாதிரி, தோலின் இடது கையில் மூன்று முடிச்சுப் போட்டுக் கட்டிவிட்டார். செய்த காரியம் இன்னதென்று ஒருவருக்கும் உறைக்கவில்லை. தாலியறுத்தவள் என்பதால் நலுங்குக்கு வரக் கூடாத பொன்னுத்தாய் தூணுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். மேக்கப் அறையில் ஏசி போட்டு உட்கார வைக்கப்பட்டிருந்த முப்பிடாதிக்குக் குலவைச் சத்தம் மட்டும் கேட்டது.

காலையில் ஓமம் எரிந்தது. அஸ்வத் மணையில் உட்கார்ந்திருந்தான், தங்கபுஷ்பம் குருசாமியிடம், "அதக் கூட்டிட்டு வாங்க, மொதல்ல அந்த வேலை முடியட்டும்" என்றாள். தோல் வந்து நின்றது, மஞ்சள் காய்ந்து பளபளவென்று. அந்த நேரத்தில் மாப்பிள்ளையின் சொந்த அத்தை கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கேட்டாள்: "காப்பு இது கையில இருக்கு. அப்ப பொண்ணு கையில என்ன இருக்கு?"

மேளக்காரர்கூட நிறுத்திவிட்டார்.

"அது வந்து..." என்றார் குருசாமி. "அதுக்குக் கட்டிட்டோம்."

"அறுத்து அவளுக்குக் கட்டுங்க" என்றாள் தங்கபுஷ்பம்.

"கட்டின காப்ப அறுக்கிறதா? ரெண்டு குடும்பத்துக்கும் ஆகாது தாயி. எங்க வழக்கத்துல காப்புக் கட்டினவதான் பொண்ணு."

"எங்க பக்கமும் அப்படித்தான்" என்றாள் மாப்பிள்ளையின் அத்தை. "காப்போட ஒருத்திய நெருப்புல போட்டா குடும்பம் வெளங்குமா? நான் எந்திரிச்சுப் போயிருவேன்."

தங்கபுஷ்பம் லேசுப்பட்டவள் இல்லை. ஒரு நிமிஷம்தான் யோசித்தாள். "அப்ப அவ அத எடுத்து மாட்டிக்கிட்டு வந்து ஒக்காரட்டும். தாலி ஏறி, காப்பு அவுத்ததும் கழட்டிருவோம். பெங்களூர்ல இதவிடப் பெரிய கிளினிக் இருக்கு."

மேக்கப் அறையில் இரண்டு பேரும் எதிரெதிராக நின்றார்கள்.

"வலிக்குமா?" என்றாள் முப்பிடாதி.

"எல்லாம் வலிக்கும்" என்றது தோல்.

"குடு" என்றாள்.

கட்டியிருந்த பட்டுச் சேலைக்குள்ளேயே காலிலிருந்து மாட்டிக்கொண்டு வந்தாள், ஹாக்கி மேட்சுக்குச் சாக்ஸ் மாட்டுகிற மாதிரி. பாதம் நுழைந்ததும் தரையின் சில்லிப்பு ஏறியது, முழங்கால் நுழைந்ததும் சரளைத் தழும்பு சுருக்கென்றது, இடுப்பு நுழைந்ததும் பட்டுச் சேலையின் கனமும் கொசுவத்தின் குத்தலும் வந்தன, கை நுழைந்ததும் காப்புக் கயிற்றின் இறுக்கமும் காப்பித் தம்ளர் சுட்ட அத்தனை வலியும் ஒன்றாக வந்தன, நெஞ்சு நுழைந்ததும் செம்பருத்தி கட்டிப்பிடித்த இடம் வலித்தது, ஆடிக் காற்றும் ஆவணி வெயிலும், அவள் அறைக்குள் கிடந்த மாதமெல்லாம் வெளியே அடித்த வெயில் முழுக்க, மேலே வந்து இறங்கியது. முகத்தை இழுத்துவிட்டுக்கொண்டதும் அழுதாள். கண்ணீர் மஞ்சளைக் கரைத்துக்கொண்டு இறங்குவது சூடாகத் தெரிந்தது. அவளுக்குச் சிரிப்பும் வந்தது.

முன்பு இருந்ததைவிடக் கறுப்பாக, மஞ்சள் மினுங்க, அவள் மேடைக்கு வந்தாள்.

"சரி சரி, சீக்கிரம் ஒக்காரு" என்றாள் தங்கபுஷ்பம்.

முப்பிடாதி உட்காரவில்லை. இடது கையைத் தூக்கிக் காட்டினாள். "மாமா, கல்யாணத்துக்கு மட்டுமா நம்ம ஊர்ல காப்புக் கட்டுதோம்?"

குருசாமி தடுமாறினார். "இல்ல தாயி. கோயில் கொடைக்கும் கட்டுதோம். தீச்சட்டி எடுக்கவும் கட்டுதோம்."

"நேத்து எனக்குக் கட்டும்போது, இது இன்ன காரியத்துக்குன்னு சொல்லிக் கட்டினீகளா?"

அவர் தன் விரல்களைப் பார்த்தார். மனுஷன் பயந்தவர்தான், ஆனால் காப்பு விஷயத்தில் பொய் சொல்ல மாட்டார். "வாயத் தொறந்து ஒண்ணும் சொல்லல" என்றார்.

"அப்ப நான் சொல்லுதேன். இது என்னைய எனக்கே கட்டிவச்ச காப்பு. என் தோல எரிக்க வந்தவக வீட்டுக்கு நான் வர்றதா இல்ல. காப்புக் கட்டினவ ஊரு எல்லை தாண்டப்படாது அத்தை, நான் இங்கதான் இருப்பேன். நீங்க சாப்பிட்டுட்டுப் போங்க."

"தீபி, கொஞ்சம் நிதானமா..." என்று அஸ்வத் எழுந்தான்.

"தீபின்னு இங்க யாரும் இல்ல தம்பி. என் பேரு முப்பிடாதி. வாயில நுழையலன்னா வாயத் தொறந்து நல்லா சொல்லிப் பழகணும்."

தம்பி என்றதில் அவன் உட்கார்ந்துவிட்டான். தங்கபுஷ்பம் கத்தினாள், ஊரைச் சபித்தாள், இந்தக் கறுப்புக்கு இன்னொருத்தன் வருவானா பார்க்கிறேன் என்றாள். "வந்தா வாரான், வராட்டி போறான்" என்றாள் முப்பிடாதி. அதற்குள் சமையல்காரர் வந்து இலை போடலாமா வேண்டாமா என்று கேட்டார். வடித்த சோறு கல்யாணம் நடந்தாலும் சோறுதான், நடக்காவிட்டாலும் சோறுதான் என்று சீதாலட்சுமி பந்திக்கு ஆள் கூப்பிட்டாள். மதுரைக்காரர்களின் வேன் மத்தியானம்தான் வரும் என்பதால் அவர்களும் உட்கார்ந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டே, பாயசம் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார்கள்.

முப்பிடாதி மேடையை விட்டு இறங்கி நேரே தூணுக்குப் பின்னால் போனாள். அன்றைக்கும் பொன்னுத்தாய் அங்கேதான் நின்றாள். மகளைப் பார்த்ததும் ஒரு அடி பின்னால் போனாள், தன் கை மங்கலத்தில் பட்டுவிடக் கூடாதே என்று. முப்பிடாதி விடவில்லை. அந்தக் கையைப் பிடித்திழுத்து மஞ்சள் ஈரம் இருந்த தன் கன்னத்தில் வைத்து அழுத்திக்கொண்டாள். கையில் இருந்த வெங்காய வாசனை, காய்ப்பு, சொரசொரப்பு எல்லாம் அவளுக்குத் தெரிந்தன.

"கோவமாம்மா?"

பொன்னுத்தாய் கன்னத்திலிருந்து கையை எடுக்கவில்லை. "சூடா இருக்கட்டி" என்றாள். "எவ்வளவு நாளா பச்சத் தண்ணியத் தொட்ட மாதிரி இருந்துச்சு. நான்தான ஒன்ன அங்க அனுப்புனேன். நான்தான அனுப்புனேன்." அவள் உடைந்து அழுதாள், முப்பிடாதி தோளில் சாய்த்துக்கொண்டாள், அந்தக் கனமும் அவளுக்குத் தெரிந்தது.

வாசலில் பிள்ளைகள் நின்றார்கள். கல்யாணத்துக்கென்று எண்ணெய் வழிய வாரிப் பூ வைத்து வந்தவர்கள், இப்போது என்ன செய்வதென்று தெரியாமல் செம்பருத்தியை முன்னால் தள்ளிவிட்டார்கள். "டீச்சர், இன்னைக்குப் பிராக்டிஸ் இருக்கா?" என்று அவள் கேட்டாள். முப்பிடாதி பட்டுச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு படியிறங்கினாள். உச்சி வெயில் தார்ரோட்டை உருக்கிக்கொண்டிருந்தது.

பின்னாலேயே ஓடி வந்த பொன்னுத்தாய் பழக்கத்தில் குடையை விரித்து மகள் தலைக்கு நேரே நீட்டினாள். நீட்டிய கை பாதியில் நின்றது. வெயிலில் மின்னிக்கொண்டு போகிற அந்த முதுகையே பார்த்தாள், குடையை மடக்கினாள், மண்டபத்துச் சுவரில் சாத்தி வைத்தாள்.

"வெயில்ல நில்லுட்டி" என்று கத்தினாள். "நல்லா நில்லு." கத்திவிட்டு அவளும் வெறுந்தலையோடு தெருவில் இறங்கினாள்.